விதை விழும் முன்: கொல்லிமலைச் சிறுதானியக் காடுகளும் களையும்

சாமை முளைத்துப் பத்து நாள் ஆன காட்டில் களையெடுக்க உட்காருபவருக்கு முதலில் வேண்டியது நல்ல கண். கைக்கும் களைக்கொத்துக்கும் வேலை அதற்குப் பிறகுதான். இரண்டு மூன்று இலையோடு நிற்கும் சாமையும், அதை ஒட்டியே முளைத்திருக்கும் காட்டுப்புல்லும் அந்த வயதில் ஒன்றுபோலவே தெரியும். இலையும் தண்டும் சேரும் இடத்தில் உள்ள மெல்லிய மயிர் வரிசை, அடித்தண்டின் தட்டை, வேரடியின் நிறம் என்று மிகச் சிறிய அடையாளங்களை வைத்துத்தான் எது பயிர், எது களை என்று பிரிக்க வேண்டும். பழகிய கைகளே சில இடங்களில் தயங்கி, அடுத்த சுற்றில் பார்த்துக்கொள்ளலாம் என்று நகர்ந்துவிடும். அடுத்த சுற்று வருவதற்குள் புல் தூர் கட்டியிருக்கும். பிடுங்கினால் பக்கத்துச் சாமையும் வேரோடு வந்துவிடும்.

நாமக்கல் மாவட்டத்தில், காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் உள்ள இந்த மலையில் மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு ஆகியவற்றை விளைவித்து வந்திருக்கிறார்கள். பெருஞ்சாமை, மல்லியசாமை, கட்டவெட்டிச்சாமை என்று சாமையிலும், செந்தினை, பெருந்தினை, மூக்கந்தினை என்று தினையிலும், சுருண்ட கதிரும் கருத்த மணியுமாகப் பிரியும் பல கேழ்வரகுகளிலும் அவர்கள் காப்பாற்றி வைத்திருக்கும் இரகங்கள் தமிழ்நாட்டின் பெருஞ்செல்வம். இந்தச் செல்வம் ஏன் சுருங்கியது என்ற கேள்விக்குச் சந்தை, மரவள்ளி, உணவுப் பழக்கம், உமி நீக்கும் கடினம் என்று பல விடைகள் சொல்லப்பட்டுள்ளன. அவை எல்லாம் உண்மை. அவற்றோடு களையையும் சேர்க்க வேண்டும் என்பதும், களையை வெல்லும் காலம் விதைப்புக்கு முந்தைய சில வாரங்களே என்பதும் இந்தக் கட்டுரையின் வாதம். மற்ற பயிர்களில் விதைத்த பின்னும் சரிசெய்துகொள்ள வாய்ப்பு உண்டு. சிறுதானியத்தில் அந்த வாய்ப்பு மிகக் குறைவு. ஏன் அப்படி, அதற்கு மனிதர்கள் கண்ட வழிகள் என்ன, அவற்றில் மலைச்சரிவுக்குப் பொருந்துவன எவை என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

களையும் பயிரும் ஒரே குடும்பம்

உலகின் மிக மோசமான களைகள் எவை என்று லெராய் ஹோம் என்ற அமெரிக்க அறிஞரும் அவருடைய கூட்டாளிகளும் 1977-இல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார்கள். அதில் முதலிடம் கோரைக்கு, இரண்டாமிடம் அறுகம்புல்லுக்கு. மூன்றும் நான்கும் குதிரைவாலி இனத்தைச் சேர்ந்த இரண்டு புற்கள். ஐந்தாவது, கேழ்வரகு இனத்துக் காட்டுப்புல். இந்த வரிசையை ஒரு சிறுதானிய விவசாயி படித்தால் உடனே கவனிப்பது ஒன்று உண்டு: கடைசி மூன்றும் அவருடைய பயிரின் பங்காளிகள்.

நாம் உண்ணும் குதிரைவாலி, நான்காமிடத்தில் இருக்கும் அந்தக் களைப்புல்லிலிருந்தே இந்திய மண்ணில் பயிராக்கப்பட்டது. கேழ்வரகு கிழக்கு ஆப்பிரிக்காவின் மேட்டுநிலங்களில் பிறந்து நம்மிடம் வந்த பயிர். அதன் மரபணுத் தொகுதியில் ஒரு பாதி, ஐந்தாமிடத்துக் காட்டுக் கேழ்வரகுப் புல்லின் வழியில் வந்தது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. சாமைக்கும் அதே இனத்தில் காட்டு வடிவம் இன்றும் வரப்போரங்களில் உண்டு. தினைக்கு, துணியில் ஒட்டிக்கொள்ளும் ஒட்டுப்புற்கள் உறவு. நெல் வயலில் நெல்லைப்போலவே வளர்ந்து களையெடுப்பவரின் கண்ணுக்குத் தப்பும் புல் ஒன்று உண்டு. பல நூற்றாண்டுகளாக நெல்லிலிருந்து வேறுபட்டுத் தெரிந்த செடிகளை எல்லாம் மனிதர் பிடுங்கியதால், நெல்லைப்போல இருந்தவை மட்டுமே மிஞ்சி விதை விட்டன. களையெடுக்கும் கையே தன்னை ஏமாற்றும் களையைத் தேர்ந்தெடுத்து வளர்த்துவிடுகிறது. ருசிய அறிஞர் நிக்கொலாய் வவிலோவ் பயிர்களின் பிறப்பை ஆராய்ந்தபோது இந்த உருவ ஒப்புமையைக் கூர்ந்து கவனித்தார். ரை, காடைக்கண்ணி (ஓட்ஸ்) போன்ற சில தானியங்கள் முதலில் கோதுமை வயலின் களைகளாக இருந்து பின்னர் பயிர்களாக உயர்ந்தவை என்பது அவர் முடிவு.

இதன் விளைவு நடைமுறையில் கடுமையானது. கடலைக் காட்டிலோ துவரைக் காட்டிலோ புல் முளைத்தால் குழந்தைகூட அடையாளம் காணும். அகன்ற இலைக்கு நடுவே ஊசி இலை தனியாகத் தெரியும். சிறுதானியக் காட்டில் புல்லுக்குள் புல். சிறுதானியங்களின் விதையும் மிகச் சிறியது: ஆயிரம் சாமை மணி சுமார் இரண்டு கிராம்தான். அவ்வளவு சிறிய சேமிப்போடு முளைக்கும் செடி முதல் சில வாரங்கள் மெதுவாகவே வளரும். விதைத்ததிலிருந்து நான்கு முதல் ஆறு வாரம் வரை களையோடு போட்டி இருந்தால் விளைச்சல் சரியும், அதற்குப் பிறகு பயிர் தன்னைப் பார்த்துக்கொள்ளும் என்பது சிறுதானிய ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லும் செய்தி. ஆக, களையெடுப்பது மிக அவசியமான நாட்களே, களையை அடையாளம் காண்பது மிகக் கடினமான நாட்களாகவும் அமைந்துவிடுகின்றன. களை பிடுங்காப் பயிர் கால் பயிர் என்ற பழமொழி வேறெந்தப் பயிரையும்விடச் சிறுதானியத்துக்குப் பொருந்தும்.

மண்ணுக்குள் காத்திருப்பவை

விதைப்புக்கு முன் களையை அடக்குவது என்றால் எதை அடக்குவது? கண்ணுக்குத் தெரியும் செடிகள் சிறு பகுதி. மண்ணுக்குள் கிடக்கும் விதைகள்தாம் பெரும்படை.

அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் ஜேம்ஸ் பீல் என்ற தாவரவியல் பேராசிரியர் 1879-இல் ஒரு சோதனையைத் தொடங்கினார். இருபத்தொரு வகைச் செடிகளின் விதைகளை, ஒவ்வொன்றிலும் ஐம்பது வீதம், ஈர மணலோடு கலந்து இருபது புட்டிகளில் அடைத்து மண்ணில் புதைத்தார். குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒரு புட்டியை எடுத்து முளைக்க வைப்பது திட்டம். அவர் மறைந்த பின்னும் அடுத்தடுத்த தலைமுறை ஆய்வாளர்கள் அதைத் தொடர்கிறார்கள். 2021-இல், புதைத்து 142 ஆண்டுகளுக்குப் பிறகு எடுத்த புட்டியிலும் ஒரு களைச்செடியின் விதைகள் முளைத்தன. எல்லாக் களைகளும் இவ்வளவு காலம் தாங்குவதில்லை. புல் விதைகளில் பல சில ஆண்டுகளில் செத்துவிடும். ஆனால் ஒரு பருவம் களையை விதைக்க விட்டால் அதன் கடன் பல பருவங்களுக்கு நீளும் என்பதை இந்தச் சோதனை எவருக்கும் புரியவைக்கும்.

இந்த விதைப்படைக்கு ஒரு பலவீனமும் உண்டு. சிறிய விதை ஆழத்திலிருந்து மேலே வர முடியாது. மேல்மண்ணின் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் கிடப்பவையே பெரும்பாலும் முளைக்கின்றன. அவற்றில் பலவற்றுக்கு ஒரு கணமாவது வெளிச்சம் பட வேண்டும். உழும்போது மண் புரண்டு வெளிச்சம் படுவதே பல விதைகளுக்கு எழுப்பு மணி. எந்தக் காட்டிலும் உழுத பின் களை பச்சைப் பசேலென்று எழுவதற்குக் காரணம் இதுதான். விதைப்புக்கு முந்தைய களை மேலாண்மை முழுவதும் இந்தப் பலவீனத்தை வைத்தே நடக்கிறது.

கோரையும் அறுகும் வேறு கணக்கு. அவை விதையை நம்பி வாழ்பவை அல்ல. கோரை மண்ணுக்கடியில் கிழங்குகளைச் சங்கிலிபோலக் கோத்து வைக்கிறது. சங்கிலியை அறுத்தால் ஒவ்வொரு கிழங்கும் தனிச் செடியாகும். அறுகின் தண்டை ஏர் நறுக்கினால் ஒவ்வொரு கணுவும் வேர்விடும். ஈரத்தில் உழுதால் இவை பெருகும். வெயிலில் உழுது மேலே புரட்டிப் போட்டால் கிழங்கும் தண்டும் காய்ந்து சாகும். ஒரே ஏர், ஒரே காடு. உழும் நேரம் மாறினால் பலன் தலைகீழாகிறது.

தீயும் புனமும்

மலைமக்கள் கண்ட முதல் விடை தீ. புனம், கொத்துக்காடு என்ற சொற்களில் அந்த வேளாண்மையின் நினைவு இன்னும் இருக்கிறது. சங்க இலக்கியத்தின் குறிஞ்சித் திணையில் மரத்தை வெட்டி எரித்த புனத்தில் தினை விதைப்பதும், கதிர் முற்றும்போது கிளி ஓட்டுவதும் பழகிய காட்சிகள். கொல்லிமலையையும் அதை ஆண்ட வல்வில் ஓரியையும் அந்த இலக்கியம் நன்கு அறியும்.

எரிப்பதால் சாம்பல் உரமாகிறது என்று மட்டும் நாம் படித்திருக்கிறோம். தீயின் சூடு மேல்மண்ணில் கிடக்கும் களைவிதைகளையும் கொல்கிறது. காட்டு நிழலில் நெடுங்காலம் கிடந்த மண்ணில் வயல்களைகளின் விதையும் குறைவு. அதனால் புதுப்புனத்தின் முதல் ஆண்டில் களையெடுப்பு மிகக் குறைவாக இருக்கும். இரண்டாம், மூன்றாம் ஆண்டில் புல் ஏறும். மண்ணின் சத்துக் குறைவோடு இந்தக் களைப்பெருக்கமும் சேர்ந்துதான் குடும்பங்களை அடுத்த புனத்துக்கு நகர்த்தியது என்பதை உலகெங்கும் எரிபுன வேளாண்மையை ஆராய்ந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தரிசு என்பது மண்ணுக்கு ஓய்வு மட்டுமில்லை, களைக்குப் பட்டினியும்கூட.

காட்டுச் சட்டங்களும் மக்கள்தொகையும் நிலத்தை ஓரிடத்தில் நிறுத்திய பிறகு அந்த வழி அடைபட்டது. அது திரும்ப வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நகரும் வேளாண்மை களைக்கு வைத்திருந்த விடையை இழந்த மக்களுக்கு, நிலைத்த வேளாண்மையில் அதற்கு ஈடாக ஒரு விடையை யாரும் தரவில்லை. குனிந்து பிடுங்கும் கைகள் மட்டுமே மிஞ்சின.

கோடை உழவு: சமவெளிக்கு ஒன்று, சரிவுக்கு ஒன்று

சித்திரை மாதத்துப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்பார்கள். திருக்குறளின் உழவு அதிகாரமும், புழுதி நாலில் ஒரு பங்காகக் காயும் அளவுக்கு உழுது போட்டால் எருகூட வேண்டாம் என்ற கருத்தைச் சொல்கிறது. களையெடுப்பதை உழவின் தனிப்படியாகவே வைத்து எண்ணுகிறது. கோடையில் கிடைக்கும் ஒரு மழையில் உழுது, வெயிலில் காயவிட்டு, மீண்டும் குறுக்கே உழும் வழக்கம் கோரை, அறுகு இரண்டுக்கும் இன்றுவரை நம்மிடம் உள்ள மலிவான மருந்து. புழுக்கூடுகளும் நோய்க்கிருமிகளும் வெயில் பட்டு அழிவது கூடுதல் பலன்.

சமவெளிப் புஞ்சைக்கு இந்த அறிவுரையை அப்படியே சொல்லலாம். கொல்லிமலைச் சரிவுக்குச் சொல்லும்போது நிதானம் வேண்டும். சரிவில் ஆழ உழுது பொடியாக்கிய மண், முதல் பெருமழையில் ஓடையில் இறங்கிவிடும். களையை ஒழிக்கப்போய் மேல்மண்ணையே இழப்பது எந்தக் கணக்கிலும் இலாபமாகாது. அதனால் இங்கே மூன்று திருத்தம் தேவை. உழவு சரிவுக்குக் குறுக்கே, சமஉயரக் கோட்டில் போக வேண்டும். ஆழம் குறைவாக இருக்க வேண்டும். காடு முழுவதையும் ஒரே நேரத்தில் புரட்டாமல், பட்டை பட்டையாக, இடையில் புல்வரியோ கல்கட்டோ நிற்கும்படி உழ வேண்டும். மலையில் முன்னோர் அடுக்கி வைத்த கற்கட்டுகள் இதற்காகவே நிற்கின்றன. அவற்றைப் பழுது பார்ப்பதும் களை மேலாண்மையின் பகுதிதான். மண் தங்கினால்தான் உழவு தங்கும்.

முளைக்கவிட்டு அழிப்பது

விதைப்புக்கு முந்தைய வழிகளில் சிறுதானியத்துக்கு மிகப் பொருந்துவது எது என்று கேட்டால் நான் இதையே முதலில் வைப்பேன். நிலத்தை விதைப்புக்கு ஏற்ற பதத்தில் தயார் செய்துவிட்டு, விதைக்காமல் காத்திருப்பது. மழையோ ஒரு தண்ணீரோ பட்டதும் மேல்மண்ணில் உள்ள களைவிதைகள் இதுவே தருணம் என்று முளைக்கும். பத்துப் பதினைந்து நாளில், அவை இரண்டு மூன்று இலையில் இருக்கும்போது, மிக மேலாக மண்ணைக் கீறி அழித்துவிட வேண்டும். முடிந்தால் இன்னொரு முறை. அதன் பிறகே விதை. வேளாண் அறிஞர்கள் இதைப் பழைய விதைப்படுக்கை முறை என்பார்கள். பல புஞ்சை விவசாயிகள் பெயர் வைக்காமலேயே செய்துவந்தார்கள்.

இதில் உயிர்நாடி, கடைசிக் கீறலின் ஆழம். இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் போனால் அடியில் தூங்கிய விதைகள் மேலே வந்து, ஒழித்த படையின் இடத்தில் புதுப்படை நிற்கும். அதனால் ஏரை அவிழ்த்துவிட்டு, பல்லுக்கலப்பையோ கைக்கொத்தோ முள் கட்டிய மரமோ கொண்டு மேலாக இழுப்பதே சரி.

இதன் விலை காலம். இரண்டு வாரத் தாமதம் மானாவாரிக் காட்டில் சின்ன விஷயமில்லை. ஆடிப்பட்டம் தேடி விதை என்ற மரபில் வந்தவருக்கு ஈரத்தை வீணாக்கிக் காத்திருப்பது நெஞ்சு பொறுக்காத காரியம். விடை, கோடைமழையைப் பயன்படுத்துவதில் இருக்கிறது. கோடைமழைக்கு நிலத்தைத் தயார் செய்து வைத்திருந்தால், அந்த மழையில் களை முளைத்து முடிந்துவிடும். பருவமழையில் பயிர் முளைக்கும். குறுகிய கால இரகம் கையில் இருப்பவருக்குக் காத்திருக்கும் தைரியம் அதிகம். கொல்லிமலையில் வெவ்வேறு வயதுடைய சாமை இரகங்கள் இருப்பதன் மதிப்பு இங்கேயும் தெரிகிறது. இரகப் பன்மை என்பது சுவைக்கும் சடங்குக்கும் மட்டுமல்ல, காலத்தைக் கையாளுவதற்கும்தான்.

வெளியிலிருந்து வரும் களை

நிலத்தைச் சுத்தம் செய்துவிட்டுக் களையை நாமே அள்ளிக்கொண்டு வந்து போடுவதும் நடக்கிறது. வழி மூன்று: விதை, எரு, போக்குவரத்து.

சாமைக்குள் கலந்த காட்டுப்புல் விதையை முறத்தில் புடைத்துப் பிரிப்பது கடினம். அளவும் எடையும் நெருக்கம். கதிர் நிற்கும்போதே காட்டில் நடந்து, கலப்பில்லாத நல்ல கதிர்களைத் தேர்ந்து அறுத்து விதைக்குத் தனியே எடுத்து வைத்த பழைய பழக்கத்தில் பெரிய அறிவு இருக்கிறது. தொம்பையில் கொட்டும் தானியத்திலிருந்து விதைக்கு அள்ளுவதும், கதிர் தேர்ந்து விதை எடுப்பதும் களைக் கணக்கில் வேறு வேறு. விதைவங்கிகள் முளைப்புத்திறனைப் பார்ப்பதுபோலக் களைவிதைக் கலப்பையும் பார்த்தால் பெரும் உதவி.

பல களைவிதைகள் மாட்டின் வயிற்றைக் கடந்தும் உயிரோடு வரும். மட்காத தொழுவுரம் களைவிதைப்பு போன்றது. குவியலாகக் கூட்டி, உள்ளே 55 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறும்படி வைத்து, புரட்டிப் போட்டு மட்கவைத்தால் பெரும்பாலான விதைகள் சாகும்.

மூன்றாவது வழி சாலை. பார்த்தீனியம் 1955-இல் புனேயில் கண்டறியப்பட்டு, சில பத்தாண்டுகளில் நாடெங்கும் பரவியது. அதை உண்ணும் மெக்சிகோ வண்டு 1984-இல் பெங்களூருவில் விடப்பட்டும் செடி இன்னும் அழியவில்லை. மலையேறும் ஒவ்வொரு மணல் லாரியும் நாற்றுப்பையும் களைக்கு ஒரு வண்டி. புதுச்செடி ஒன்றைப் பார்த்ததும் பூக்கும் முன் பிடுங்குவது, பின்னாளில் ஆயிரம் ஆள்கூலியை மிச்சப்படுத்தும்.

வரிசை என்னும் அடையாளம்

தூவி விதைத்த காட்டில் முளைக்கும் எந்தப் புல்லும் பயிராக இருக்கலாம். வரிசையில் விதைத்தால், வரிசைக்கு வெளியே முளைத்தது எல்லாம் களை. அடையாளம் காணும் சிக்கலை இது ஒரே அடியில் பாதியாக்குகிறது. இங்கிலாந்தில் 1701-இல் விதைப்புக் கருவியை உருவாக்கிய ஜெத்ரோ டல், பிறகு எழுதிய நூலில் வரிசைக்குச் சொன்ன காரணங்களில் விதைச் சிக்கனத்தோடு, இடையில் குதிரைக் கொத்து ஓட்டிக் களையெடுக்கலாம் என்பதும் ஒன்று.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து கொல்லிமலை விவசாயிகளோடு சேர்ந்து சிறுதானியங்களில் பணியாற்றி வருகிறது. இரகங்களைக் காப்பதோடு நிற்காமல், விதை அளவைக் குறைப்பது, வரிசை விதைப்பு, கேழ்வரகில் நாற்று நடவு, மரவள்ளியோடு ஊடுபயிர் ஆகியவற்றை மக்களோடு சேர்ந்து அது முயன்றது. 2017-இல் தொடங்கிய ஒடிசாவின் சிறுதானிய இயக்கமும் பழங்குடி மாவட்டங்களில் வரிசை விதைப்பையும் வரிசை நடவையும் முன்னால் வைத்தது. கர்நாடகத்தின் ஹாவேரிப் பகுதியில் கேழ்வரகைச் சதுரக் கட்டங்களில் குழிவைத்து நட்டு, இரு திசையிலும் மாட்டைக் கொண்டு களையெடுக்கும் பழைய முறை உண்டு.

நாற்று நடவுக்குத் தனி வலிமை உண்டு: மூன்று வார வயதுள்ள பயிர், நேற்று முளைத்த களைக்கு முன்னால் நிற்கிறது. உயரமே அடையாளம். ஆனால் நாற்றுக்கு நீர் வேண்டும், நடவுக்கு ஆள் வேண்டும். சாமைக்கும் தினைக்கும் அது எளிதல்ல. அவற்றுக்குச் சுமார் 25 சென்டிமீட்டர் இடைவெளியில் வரிசை விதைப்பே போதும். சரிவில் அந்த வரிசையும் குறுக்காகவே போக வேண்டும்.

குச்சிக்கிழங்கு என்று வட்டாரத்தில் வழங்கும் மரவள்ளி, சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகளின் தேவையால் மலையில் பரவியது. அது களைக்கு அஞ்சாத பயிர் என்ற எண்ணம் பாதி உண்மை. முதல் மூன்று மாதம் அதன் நிழல் விரிவதில்லை. அந்தக் காலத்தில் அதற்கும் கொத்து வேண்டும். ஆனால் அதை அகன்ற இடைவெளியில் நடுவதாலும், அதன் இலை புல்லிலிருந்து வேறுபட்டுத் தெரிவதாலும், அந்தக் கொத்தை யாரும் எளிதாகச் செய்துவிடலாம். சாமையிலிருந்து மரவள்ளிக்கு மாறிய குடும்பம் பணத்தை மட்டும் தேர்ந்தெடுக்கவில்லை. முதுகு வலியைக் குறைக்கவும் தேர்ந்தெடுத்தது. அந்த இடைவெளியில் முதல் மாதங்களில் குறுகிய காலச் சிறுதானியத்தை வரிசையாக ஏற்றினால், களை வளரும் இடத்தில் உணவு வளரும். இரண்டு பயிரையும் பகையாகப் பார்க்காத இந்த வழி எனக்கு மிகவும் நம்பிக்கை தருகிறது.

மூடாக்கும் வெயிலும்

வெளிச்சத்தை மறைத்தால் களைவிதை எழாது. இயற்கை வேளாண்மைக்கு வாழ்நாளைக் கொடுத்த நம்மாழ்வார், மண்ணை இலைதழையால் மூடிவைக்கும் மூடாக்கைப் பற்றி ஊர் ஊராகப் பேசினார். மிளகு, காபி, வாழைத் தோட்டத்துக்கு அது அருமருந்து. கடுகளவே உள்ள சிறுதானிய விதைக்கு அடர்ந்த மூடாக்கு அப்படியே பொருந்தாது; களையோடு பயிரும் மூச்சடைக்கும். விதைப்புக்கு முந்தைய மாதங்களில் தட்டைப்பயறு, கொள்ளு போன்றவற்றை அடர்த்தியாக விதைத்து உயிர்மூடாக்காக வளர்த்து, பூக்கும் பருவத்தில் மடக்கிவிடுவது அதற்கு மாற்று. சரிவில் மண்ணும் நிற்கும்.

ஈரமண்ணின்மேல் கண்ணாடிபோன்ற பாலித்தீன் தாளை நான்கு முதல் ஆறு வாரம் விரித்து வெயிலால் வேகவைக்கும் முறையை 1976-இல் இஸ்ரேல் அறிஞர்கள் வெளியிட்டார்கள். சமவெளியின் நாற்றங்காலுக்கும் காய்கறிப் பாத்திக்கும் அது ஏற்றது. குளிர்ந்த மலையில் சூடு குறைவாகவே ஏறும். செலவும் நெகிழிக் கழிவும் மலைக்குச் சுமை. கேழ்வரகு நாற்றங்கால் அளவில் மட்டும் யோசிக்கலாம்.

களைக்கொல்லி பற்றி நேராக

புல்லுக்குள் புல் என்ற சிக்கல் மருந்துக்கும் உண்டு. பயிரை விட்டுக் களையை மட்டும் கொல்லும் மருந்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை வைத்தே வேலை செய்கிறது. பங்காளிகளிடையே அந்த வேறுபாடு மெல்லியது. முளைப்பதற்கு முன் தெளிக்கும் மருந்துகளில் பல, சாமை போன்ற நேரடி விதைப்பில் பயிரின் முளைப்பையே கெடுக்கும். நடவுக் கேழ்வரகில் ஓரளவு வழி உண்டு; மற்ற சிறுதானியங்களில் வாய்ப்புகள் மிகக் குறைவு.

எல்லாவற்றையும் கொல்லும் கிளைஃபோசேட்டை விதைப்புக்கு முன் அடித்துவிடலாமே என்ற எண்ணம் இங்கிருந்துதான் பிறக்கிறது. 2015-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதை மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பிரிவில் வைத்தது. அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பு அந்த முடிவை ஏற்கவில்லை. இந்திய அரசு 2022 அக்டோபரில், பயிற்சி பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டுப் பணியாளர் வழியாக மட்டுமே அதைப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. இலங்கை 2015-இல் அதைத் தடைசெய்து, களையெடுக்க ஆள் போதாத தேயிலை, ரப்பர் தோட்டங்களுக்காக 2018-இல் தடையைத் தளர்த்தியது. மலையகத் தேயிலையில் களையெடுக்கும் கைகளும் தமிழ்க்கைகள்தாம். மருந்து வேண்டுமா வேண்டாமா என்ற வாதம், அந்த வேலையைச் செய்பவருக்கு என்ன கூலி, என்ன கருவி என்ற கேள்வியை விட்டுவிட்டு நடந்தால் முடிவுக்கே வராது.

கொல்லிமலையைப் பொறுத்தவரை என் கருத்து தெளிவானது. ஊற்றுகளிலும் ஓடைகளிலும் குடிநீர் எடுக்கும் சரிவு நிலத்தில், தேனீயையும் மூலிகையையும் கீரையையும் நம்பி வாழும் மக்களிடையே, தெளிப்பு முதல் வழியாக இருக்கக் கூடாது. களை என்று நாம் ஒதுக்கும் பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் மூக்கிரட்டையும் தமிழ்ப் புஞ்சைகளில் களையெடுக்கும் பெண்களின் மடியில் வீட்டுக்குப் போகும் உணவு. தெளித்த காட்டில் அந்த மடி வெறுமையாகத் திரும்பும்.

வீட்டுப் புல்தரைக்கும் இதே கணக்கு

வீட்டு முன்றிலில் புல்தரை வைத்து, அது திட்டுத்திட்டாகப் போனதும் மேலே மீண்டும் விதை தூவ நினைப்பவருக்கும் சாமைக்காடு பாடம் சொல்லும். அங்கேயும் புல்லுக்குள் புல்தான். காட்டில் பகையான அறுகு இங்கே வேண்டிய பயிர். கோரை இரண்டிடத்திலும் பகை. தூவுவதற்கு முன் புல்லைத் தாழ வெட்டி, ஒரு தண்ணீர் விட்டு, முளைக்கும் களையைப் பத்து நாளில் பிடுங்க வேண்டும். இதை இரண்டு முறை செய்ய வேண்டும். கோரையை இலையோடு இழுக்காமல் கிழங்கோடு தோண்ட வேண்டும். முளைப்பைத் தடுக்கும் மருந்தை அடித்துவிட்டு விதை தூவினால், அது தூவிய விதையையும் தடுக்கும். அதன் வீரியம் வாரக்கணக்கில், சில மருந்துகளில் மாதக்கணக்கில் நிற்கும். மேலே பரப்ப வாங்கும் செம்மண்ணும் மட்காத எருவுமே புதுக்களையின் பெரிய வழி. மண்ணை மேலாகக் கீறி, விதை தூவி, சலித்த மட்குரத்தை மெல்லிதாகப் பரப்பினால் போதும்.

முதுகுகளின் கணக்கு

சிறுதானியத்துக்கு இது நல்ல காலம். இந்தியா முன்மொழிய, ஐக்கிய நாடுகள் அவை 2023-ஐப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. நகரத்துக் கடைகளில் சாமையும் தினையும் அழகிய பைகளில் நிற்கின்றன. கொல்லிமலையில் உமி நீக்கும் எந்திரம் வந்தது பெண்களின் உரல் உழைப்பைக் குறைத்தது. அது பெரிய மாற்றம். அறுவடைக்குப் பிந்தைய பாரத்துக்கு எந்திரம் கண்ட நாம், விதைத்த பிறகு நாற்பது நாள் குனிந்து செய்யும் களையெடுப்புக்கு இன்னும் அந்த அளவு அக்கறை காட்டவில்லை. அந்த வேலை ஏறக்குறைய முழுவதும் பெண்களுடையது. உழுவது ஆண் வேலை, களையெடுப்பது பெண் வேலை என்று பிரிந்து கிடப்பதால், உழவில் மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு நாளும் களையெடுப்பில் பல நாளாகப் பெண்ணின்மேல் விழுகிறது.

ஆகவே என் பரிந்துரை எளியது. விதைக்கும் சந்தைக்கும் தரும் உதவியில் ஒரு பங்கை, விதைப்புக்கு முந்தைய இரண்டு மேலுழவுக்குத் தர வேண்டும். கோடைமழை விழுந்த வாரத்தில் மாடும் பல்லுக்கலப்பையும் ஊர்ப்பொதுவில் கிடைக்க வேண்டும். சரிவுக்கு ஏற்ற இலேசான வரிசை விதைப்பானையும், நின்றபடி தள்ளும் களையெடுப்பானையும் பெண்கள் கையில் கொடுத்து, அவர்கள் சொல்லும் திருத்தத்தோடு செய்ய வேண்டும். கற்கட்டுப் பழுதை ஊரக வேலைத்திட்டத்தில் சேர்க்க வேண்டும். விதைவங்கி, களையற்ற விதைக்கு உறுதி தர வேண்டும்.

இவற்றில் எதுவும் புது அறிவு இல்லை. புழுதி காயவிட்டதும், கதிர் தேர்ந்து விதை எடுத்ததும், கற்கட்டு அடுக்கியதும் இந்த மலையிலேயே இருந்தவை. அவற்றை ஒன்றாகச் சேர்த்து, சரியான வாரத்தில் செய்ய ஆளும் கருவியும் தருவதே பாக்கி. அது நடந்த காட்டிலும் களை முளைக்கத்தான் செய்யும். ஆனால் சாமை முளைத்துப் பத்தாம் நாள் அங்கே உட்காரும் பெண்ணுக்கு, எது பயிர் என்று தெரியும்; பொழுது சாயும் முன் வேலையை முடித்து வீட்டுக்கும் போகலாம்.